இரண்டு காலும் பதினேழு மூட்டும்

வீட்டில் பெண் எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டால் தகப்பனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. தான் ஆசைப்படும் எதையும் ‘குழந்தை படிப்புக்கு’ என்று சொல்லி வாங்கிக்கொள்ளலாம். மனித உருவ ரோபோ கிட் என் கணக்கில் கல்விச் செலவு. மனைவி கணக்கு எழுதும் முறை வேறு.

“என்னங்க, அது பாத்திரம் தேய்க்குமா?”

“அந்த அளவுக்கு இல்ல.”

“துணி மடிக்குமா?”

“மொத்தமே ஒரு அடி உயரம்மா. வேட்டிய மடிக்கப் போனா அதுக்குள்ளயே காணாமப் போயிடும்.”

“பின்ன என்னதான் செய்யும்?”

“நடக்கும்.”

“சர்க்கரைக்கு தினம் நடக்கணும்னு டாக்டர் உங்களத்தானே சொன்னாரு?”

இதற்கு மேல் பேசுவது குடும்பத்துக்கு நல்லதில்லை. சோபாவில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, இரண்டு காலில் நடப்பது எவ்வளவு சிரமம் என்று படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, டாக்டர் எத்தனை பெரிய காரியத்தைச் சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டார் என்று மலைப்பாக இருந்தது. அடிக்கு அடி உடம்பின் மொத்த எடையும் ஒற்றைக் காலுக்கு மாற வேண்டும். மாறி முடிவதற்குள் மறு கால் தரையை விட்டால் விழ வேண்டியதுதான். ஹோண்டா நிறுவனம் 1986-ல் இந்த ஆராய்ச்சியில் இறங்கி, 2000-ல்தான் அசிமோ என்ற ரோபோவை ஊருக்குக் காட்டியது. அந்த அசிமோவே 2006-ல் டோக்கியோவில் பலர் பார்க்கப் படியேறும்போது சரிந்து விழுந்தது. ஊழியர்கள் ஒரு தட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து மறைத்தார்கள். நான் வாசற்படியில் தடுக்கி விழும்போது எவரும் தட்டி எடுத்து வருவதில்லை. ‘என் இனிய இயந்திரா’வில் ஜீனோவை நாயாகப் படைத்த சுஜாதா விவரமானவர். நாலு கால் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

இரண்டு கால்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் மூட்டுக் கணக்குப் பார்க்க வேண்டும். மூட்டுக்கு ஒரு சர்வோ, அதாவது சொன்ன கோணத்தில் திரும்பி நிற்கும் மோட்டார். விலை ஏறுவது பெரும்பாலும் அங்கேதான். ஜப்பானின் கோண்டோ நிறுவனம் 2004-ல் கொண்டுவந்த கேஎச்ஆர்-1 இன்றைக்கும் நல்ல அளவுகோல். காலுக்கு ஐந்து, கைக்கு மூன்று, தலைக்கு ஒன்று, ஆக 17. இதற்குக் குறைத்துக் கொடுத்தால் எந்த மூட்டை விழுங்கினார்கள் என்று கேளுங்கள். தலையை விழுங்கியிருந்தால் பாதகமில்லை. நானே அதிகம் உபயோகிப்பதில்லை. இடுப்பும் கணுக்காலும் பக்கவாட்டில் சாயாவிட்டால்தான் வினை. எடையை மாற்ற வழியில்லாமல் காலைத் தேய்த்துக்கொண்டே போகும்.

அடுத்த மயக்கம் பலத்தில். எம்ஜி996ஆர் என்ற மோட்டார் 55 கிராம்தான் இருக்கும். ‘பத்துக் கிலோ’ என்பார்கள். மளிகைப் பையைத் தூக்கவைத்துவிடலாம் என்று நான் உள்ளூரத் திட்டமிட்டிருந்தேன். அந்தப் பத்துக் கிலோ, அச்சிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தூரத்தில். கையைப் பத்து சென்டிமீட்டர் நீட்டினால் ஒரு கிலோ, அதுவும் மோட்டார் திணறி நிற்கிற கட்டத்தில். திணறும்போது ஒரு மோட்டாரே இரண்டு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். எல்லா மூட்டும் ஒரே சமயத்தில் முக்கினால் மின்னழுத்தம் சரிந்து, கட்டுப்பாட்டுப் பலகை மயங்கி விழுந்து, தெளிந்து, எதுவும் நடக்காதது போல முதலிலிருந்து வணக்கம் சொல்லும். மோட்டாரை மட்டும் பார்த்துவிட்டுப் பேட்டரியைப் பார்க்காமல் வாங்கினால் ஆயுளுக்கும் வணக்கம்தான்.

இவ்வளவு ஞானத்தோடு மகளை அழைத்துக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைப்பையன் ரோபோவைக் கண்ணாடி மேசைமேல் நிறுத்தி, பாட்டுப் போட்டு ஆடவிட்டான். பிறகு தண்டால் எடுத்தது. நான் கைதட்டினேன். மகள் தட்டவில்லை.

“ரெண்டு காலையும் ஊனிக்கிட்டுக் கைய மட்டும்தாம்ப்பா வீசுது. நடக்கச் சொல்லுங்கண்ணா.”

கண்ணாடியில் வழுக்கும் என்று சொல்லி, பையன் ஒரு ரப்பர் விரிப்பைத் தேடி எடுத்தான். அவள் விடவில்லை. விழுந்தால் தானாக எழுந்திருக்குமா? ஒரு சர்வோ எரிந்தால் அது மட்டும் தனியாகக் கிடைக்குமா? நாமே கோடு எழுதலாமா, ஆப்பில் இருப்பதைத்தான் அமுக்க வேண்டுமா? கையால் வளைத்தால் அந்தக் கோணத்தைத் திருப்பிச் சொல்கிற சர்வோவா, சொன்னதைக் கேட்க மட்டும் தெரிந்த சர்வோவா? கடைசிக் கேள்வியில் பையன் என் பக்கம் காட்டிவந்த மரியாதை முழுவதையும் அவள் பக்கம் திருப்பிவிட்டான். கல்விச் செலவு செய்கிறவன் என்ற முறையில் நானும் ஏதாவது கேட்க வேண்டியிருந்தது.

“வேற கலர் இருக்கா தம்பி?”

விலை பத்தாயிரங்களில் ஓடியது. மகளே காப்பாற்றினாள். “மொதல்ல ஓட்டோ செய்வோம்ப்பா. பதினேழு அப்புறம் பாத்துக்கலாம்.” ஓட்டோ என்ற அந்தக் குட்டி ரோபோவுக்கு நாலே சர்வோ, ஒவ்வொன்றும் ஒன்பது கிராம். ஓர் ஆர்டுயினோ நானோ, கண்ணுக்குப் பதிலாக ஒரு அல்ட்ராசோனிக் சென்சார். வரைபடமும் நிரலும் திறந்தே கிடக்கின்றன. உடம்பை முப்பரிமாண அச்சில் எடுத்துக்கொள்ளலாம். முதல் ரோபோவுக்கு இதுதான் சரி என்று நானும் தலையசைத்தேன், ஏதோ என் யோசனை போல.

மனைவி பெட்டியைப் பார்த்தாள். “கையே காணோம்?”

“இந்த மாடலுக்குக் கிடையாது.”

“சாமர்த்தியசாலி. கை இல்லாட்டி யாரும் வேலை சொல்ல முடியாதே” என்றவள் ரோபோவைப் பார்க்கவில்லை.

பூட்டும் வேலை கூடத்தில் நடக்கிறது. ஒவ்வொரு சர்வோவையும் முதலில் 90 டிகிரியில் நிறுத்திவிட்டு, அப்புறம்தான் அதன் அச்சில் மாட்டும் ஹார்ன் என்கிற வெள்ளைத் துண்டைத் திருக வேண்டுமாம். இல்லாவிட்டால் நேராக நில் என்றால் கோணிக்கொண்டு நிற்கும். திருகாணிகள் எள்ளளவுதான் பெரிது. அவற்றை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, கேட்கும்போது நீட்டுவது என் பொறுப்பு. அசையக் கூடாது என்று உத்தரவு. மூக்கு அரிக்கிறது என்று மனுப்போட்டேன். இடது கையை மட்டும் தூக்கிக்கொள்ள அனுமதி கிடைத்திருக்கிறது.