திணையும் திணறலும்: போடி மலைப்பாதை வண்டிகள் குறித்த ஓர் ஆய்வு

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். தெய்வம், மரம், விலங்கு, பறை எல்லாம் கருப்பொருளாகப் பின்னால் வந்து நின்றன. இந்த வரிசையைக் காதலோடும் போரோடும் நிறுத்திக்கொண்டது உரையாசிரியர்கள் செய்த பெரும்பிழை. ஆக்சிலேட்டரை மிதித்ததும் ஒரு நொடி யோசித்துவிட்டுக் கிளம்பும் வண்டிக்கும் அது அச்சொட்டாகப் பொருந்தும் என்பதே இவ்வாய்வின் கருதுகோள்.

ஆய்வுக் களம் போடிநாயக்கனூர். ஊர் மருதம், அடிவாரத்து முந்தல் தாண்டினால் குறிஞ்சி. கொச்சி–தொண்டி தேசிய நெடுஞ்சாலை 85 இங்கே 17 கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றிப் போடிமெட்டுக்கு ஏறுகிறது. ஏற்றம் ஏறக்குறைய 1,000 மீட்டர். சமவெளிச் சாலையில் நோயை மறைத்துக்கொண்டு ஓடும் வண்டிகள் இந்த ஏற்றத்தில் உண்மையைக் கக்கிவிடுகின்றன.

ஊரில் இதற்கெனத் தனி நோய்ச்சொற்கள் உண்டு. ‘பிக்கப் இல்ல’ என்றால் ஒன்று, ‘மிஸ்ஸிங் அடிக்குது’ என்றால் வேறொன்று, ‘இழுக்க மாட்டேங்குது’ என்றால் மூன்றாவது. மூன்றையும் ஒன்றாகக் கருதுவோர் பர்ஸைத் திறந்து வைத்துக்கொள்வது நல்லது.

போடியில் ஏலத்தை ஏலம் விடுவார்கள் என்பது உலகறிந்த செய்தி. ஸ்பைசஸ் வாரியத்தின் மின்னணு ஏலம் இங்கும், மலைக்கு அப்பால் புத்தடியிலும் நடக்கிறது. பானெட்டைத் திறந்த வண்டியைச் சுற்றியும் அதே முறைதான். ‘பிளக்’ என்று மச்சான் தொடங்குவார். ‘பெட்ரோல் பம்ப்’ என்று சித்தப்பா விலையை ஏற்றுவார். ‘இஞ்சினை இறக்கணும்’ என்று வழிப்போக்கர் ஒருவர் முடித்துவைப்பார். இது கருப்பொருளிலிருந்து தொடங்கும் முறை. ஆகவே பிழை.

முறையான ஆய்வு பொழுதில் தொடங்கும். வைகறையில் மட்டும் திணறி, வெயில் ஏறியதும் வண்டி தெளிகிறதா? போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் பூப்பாறை, சாந்தன்பாறை பக்கத்து ஏலத் தோட்டங்களுக்கு ஆளேற்றிப் போகும் ஜீப்புகளுக்கு இந்தப் பொழுது நன்கு பழக்கம். டீசல் வண்டியில் குழாய் இணைப்பு எங்காவது தளர்ந்திருந்தால், இரவில் டீசல் டேங்குக்கே திரும்பி, லைனில் காற்று புகுந்துவிடும். விடியலில் கை பம்பை அமுக்கி ‘ஏர் எடுத்தால்’ ஓடும். மறுநாள் விடியலில் மறுபடி எடுக்க வேண்டும். இணைப்பை இறுக்காதவரை இது நித்திய பூஜை.

அடுத்து நிலம். சமதரையில், நின்ற இடத்தில், மிதித்த அந்த நொடியில் மட்டும் தடுக்கினால், த்ராட்டில் வாயில் கரி படிந்திருக்கலாம். பழைய கார்புரேட்டர் வண்டி என்றால் மிதிக்கும்போது கூடுதல் பெட்ரோல் பீய்ச்சும் சிறு பம்பின் டயாப்ரம் கிழிந்திருக்கலாம். முதல் இரண்டு வளைவில் நன்றாக ஏறி, ஐந்தாம் வளைவில் மூச்சு வாங்கினால் கதை வேறு. ஃபில்டர் அடைத்திருக்கிறது அல்லது பம்ப் சோர்ந்திருக்கிறது. மெதுவாகப் போகையில் போதுமான எரிபொருள், ஏற்றத்தில் முழுதாக மிதித்ததும் போதவில்லை. ஃபில்டரின் விலை சில நூறு. இஞ்சினை இறக்கச் சொன்ன வழிப்போக்கர் இதற்குள் பஸ் ஏறியிருப்பார்.

போடிமெட்டுக்கு அருகே, பனிமூட்டத்தில் மட்டும் வண்டி உதறினால் பிளக்கையும் காயிலையும் பார்க்க வேண்டும். பாரம் கூடக்கூட சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். பொறி தாண்ட அதிக மின்னழுத்தம் தேவைப்படும். பலவீனமான காயில் ஈரத்தில் கைவிடும். ஏலக்காயில் 8 மில்லிமீட்டர் பருமனுக்குத்தான் மரியாதை. பழைய கார்ப் பிளக்கிலோ இடைவெளி 0.8 மில்லியைத் தாண்டி விரிய விரிய மரியாதை குறையும். போடி வியாபாரிகளுக்கு இந்த முரண் எளிதில் பிடிபடுவதில்லை.

மலைமேல் காற்றும் மெலிவு: அடர்த்தி ஊரைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டருக்கு இது தெரியாது. ஊரில் பழகிய அளவிலேயே பெட்ரோலை ஊற்றி, பிளக்கைக் கறுக்க வைக்கும். இன்றைய வண்டிகளின் சென்சார் காற்றை அளந்து பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் அந்த சென்சாரிலேயே தோட்டச்சாலைத் தூசி படிந்தால், அளந்ததே பொய்யாகிவிடும். அதற்குரிய ஸ்ப்ரே இருக்கிறது. துணியால் துடைக்கக் கூடாது.

ஸ்கேனர் வைத்திருப்போர் இங்கே செருமுவார்கள். அவர்களுக்கும் ஒரு பாடம் உண்டு. ‘பி 0171’ என்று திரையில் வந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு என்று பொருள். ஆக்சிஜன் சென்சாரை மாற்று என்று பொருளல்ல. விரிசல் விட்ட ஒரு ரப்பர் குழாய் வழியே கணக்கில் வராத காற்று நுழைந்திருக்கலாம். ஸ்கேனர் திணையைச் சொல்லும்; துறையைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியது மெக்கானிக்.

இஞ்சின் உறுமல் ஏறி, வண்டி மட்டும் ஏறாவிட்டால் அது பொய்த் திணறல். கிளட்ச் வழுக்குகிறது. இதைப் பெருந்திணையில் சேர்க்க வேண்டும்.

இம்மலையில் திணறலே அறியாத போக்குவரத்து ஒன்றும் இருந்தது. மூணாறு தேயிலை குண்டளைப் பள்ளத்தாக்கு வழியே டாப் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கிப் போடிக்கு வந்தது. 1902-இல் அந்தப் பள்ளத்தாக்கில் போடப்பட்ட ஒற்றைத் தண்டவாளத்தில் வண்டி இழுத்தவை மாடுகள். ஏர் ஃபில்டர் கிடையாது. 1908-இல் நீராவி ரயில் வந்தது. 1924 வெள்ளம் அதைக் கொண்டுபோனது.

இறுதியாக, எந்த நூலிலும் இடம்பெறாத ஒரு வகை. ஃபில்டர் புதிது, பிளக் புதிது, பம்ப் புதிது. ஆனாலும் முழுதாக மிதித்தால் வண்டி பாதி வேகத்துக்கு மேல் நகராது. டிரைவர் காலடியில் குனிந்து பார்த்தால், மழைக்காகப் போட்ட ரப்பர் மிதியடி மடங்கி ஆக்சிலேட்டருக்கு அடியில் ஒருக்களித்துப் படுத்திருக்கும். சிகிச்சை, மிதியடியை இழுத்துப் போடுதல். கூலி, முந்தல் கடையில் ஒரு டீ.