ஓர்மை இருக்காடே?

வாடே மருமவனே, இரி. சென்னைக்குப் போயிட்டு வந்து "ஞாபகம் இல்ல மாமா"ங்கிய. மணவாளக்குறிச்சியில அப்பிடிச் சொன்னா பரீட்சையில தோத்தவன் மாதிரியில்லா இருக்கு! நமக்கு ஓர்மைதான். அது மலையாளத்தான் சொல்லுன்னு உன் கூட்டுக்காரன் சிரிச்சானாக்கும்? 1956 நவம்பர் 1 வரைக்கும் நம்ம கல்குளம் தாலுகா திருவிதாங்கூர்-கொச்சியிலதான் கெடந்து. எல்லைய மாத்தினாவ, நாக்க யாரும் மாத்தல்ல. பின்ன, ஓர்தல்னா பழந்தமிழ்ல ஆராய்ஞ்சு பாக்கது. யாழ்ப்பாணத்துக்காரனுக்கு ஓர்மம்னா நெஞ்சுறுதி. மலையாளத்தான் இத யாருகிட்ட வாங்கினான்னு அவனுக்கு ஓர்மை இருக்கான்னு கேளு.

நம்ம ஊரு மண்ணுக்கே ஓர்மை உண்டுடே. ஜெர்மன்காரன் ஷோம்பெர்க்குன்னு ஒருத்தன். திருவிதாங்கூர்லேந்து கப்பலேறிப் போன கயித்துல ஒட்டியிருந்த மண்ணப் பாத்து, மோனசைட்டுன்னு கண்டுக்கிட்டான். 1909-ல அது நம்ம கடப்புறத்துல கெடக்கது ஊரறிஞ்சுது. அந்தக் காலத்துல கேஸ் வெளக்கு வலைக்கு அதுல உள்ள தோரியம் வேணுமாம். கயித்துல ஒட்டின மண்ணு சீமையில போயும் பொறந்த ஊரச் சொல்லிக் குடுத்திருக்கு. நீ படிச்சவன், அம்மைக்கு ஒரு போன் பண்ண ஓர்மை வரல்ல. மண்டைக்காட்டு பகவதிக்கு மண்டையப்பம் நேந்துக்கோன்னு சொல்லலாம். ஆனா அது தலவலிக்குத்தான். மறதிக்கு பகவதி பொறுப்பேக்க மாட்டா.

இங்க ஒருத்தன் பல்லக் காட்டிக்கிட்டு "ஓர்மை இருக்கா?"ன்னு கேட்டா, குசலம் விசாரிக்கான்னு நெனச்சிராத. பைசா கேக்கான். இருக்குன்னா கடன ஒத்துக்கிட்ட. இல்லன்னா நாளைக்கு விடியமுன்ன வீட்டு நடையில நிப்பான். "லேசா ஓர்மை வருது அண்ணாச்சி, வாருங்க, ஒரு சாயா குடிப்பம்"னு சொல்லு. சாயாக்காசு போவும், ஒரு மாசம் தவண கெடைக்கும். வட்டி இத விடக் கூடுதல்டே.

கல்யாண வீட்டுலதான் சூதானமா இருக்கணும். பந்தியில எவளாவது ஒருத்தி கன்னத்தக் கிள்ளி, "என்னைய ஓர்மை இருக்காலே மக்ளே?"ம்பா. முழிக்காத. "ஒங்கள மறப்பேனா சித்தி, அன்னைக்குப் பாத்த மாதிரியே இருக்கியளே!"ன்னு ஒரு போடு போடு. எந்த அன்னைக்குன்னு அவ கேக்க மாட்டா. பாட்டின்னு மட்டும் கூப்பிட்டுராத. உன் அம்மைக்க கூடப் படிச்சவளா இருப்பா. அவ மாப்பிளதான் அங்க பிரதமன் வெளம்புகவன்.