பாரதியாருக்கு வந்த சந்தேகம்

பள்ளி மாறுவேடத்தைப் பொறுத்தவரை பாரதியாரைப் போல் பெற்றோருக்கு அனுசரணையான மனிதர் கிடையாது. கட்டபொம்மன் என்றால், வரி கட்ட மாட்டேன் என்றவருக்காக நாம் கிரீடத்துக்கு ஒரு வாடகை, வாளுக்கு ஒரு வாடகை, போதாததற்கு முன்பணம் என்று கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். காந்தி மலிவுதான். ஆனால் டிசம்பர் மாதத்தில் பேத்தியைச் சட்டையில்லாமல் மேடையேற்ற எந்தப் பாட்டி சம்மதிப்பார்? பாரதியாருக்கு ஒரு கறுப்புக் கோட்டு, தலைப்பாகைக்கு என் பழைய வேட்டியில் பாதி, மீசைக்கு மனைவியின் ஐப்ரோ பென்சில். தீர்ந்தது செலவு.

ஆகவே என் மகளுக்கு ஆண்டு விழாவில் பாரதியார் வேஷம் என்று யு.கே.ஜி. மிஸ் டைரியில் எழுதி அனுப்பியதும் வீடே மகிழ்ந்தது, அவளைத் தவிர. சொல்ல வேண்டியது, தனக்குப் பயமென்பதே கிடையாது என்று பாரதியார் அடித்துச் சொல்லும் அந்தப் பாட்டிலிருந்து நான்கே வரி. அன்று இரவே குழந்தைக்கு வயிற்றுவலி வந்துவிட்டது.

அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தார். என் மைத்துனரோ, மேடைப் பயத்துக்கு இந்த ஊரில் வழிவழியாகச் சொல்லப்படும் மருந்தை எடுத்துவிட்டார்: "எதிர்ல உக்காந்திருக்கறவங்க எல்லாரும் முட்டைக்கோஸ்னு நினைச்சுக்கோடா செல்லம்."

"அவ்ளோ முட்டைக்கோஸையும் யாரு மாமா சாப்பிடறது?" என்று அவள் கண்கலங்கினாள். தட்டில் வைத்ததை மிச்சம் வைக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

தினமும் ஒத்திகை நடந்தது. பாத்திரம் தேய்க்க வரும் அக்காகூட நான்கு வரியையும் தேய்த்தபடியே ஒப்பித்தார். என் மனைவி தூக்கத்தில் ஏற்ற இறக்கத்தோடு சொன்னாள். மகளும் சொல்வாள், ஆனால் பென்சிலைக் கண்டதும் வாய் பூட்டிக்கொள்ளும். "மீசையைக் கடைசியா, மேடைக்குப் போறப்ப வெச்சுக்கட்டுமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

பெண் குழந்தை, மீசைக்குக் கூச்சப்படுகிறது என்று நாங்களாகவே முடிவுகட்டினோம். என் அப்பா நாடகம் பார்த்து வளர்ந்தவர். பேத்தியை மடியில் இருத்திச் சரித்திரம் சொன்னார். ஆணாகப் பிறந்த டி.கே. சண்முகம் ஔவையாராக நடித்தார். சென்னையில் அவ்வை சண்முகம் சாலை என்று அவர் பெயரில் சாலையே இருக்கிறது. கே.பி. சுந்தராம்பாள் 1935-இல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தார். அதற்கு வாங்கிய சம்பளம் லட்ச ரூபாய்.

"எனக்கு எவ்ளோ தாத்தா தருவாங்க?"

விழாக் கட்டணத்துக்கு நான் ரசீது வாங்கி வந்த விஷயத்தை அப்பா அவளிடம் சொல்லவில்லை.

விழா ஐந்து மணிக்கு. வேஷக்காரர்கள் மூன்றரைக்கே வந்துவிட வேண்டும். குத்துவிளக்கு ஏற்றினார்கள். பொன்னாடைகள் போர்த்தினார்கள். ஆண்டறிக்கை வாசித்தார்கள். பிறகு சிறப்பு விருந்தினர், குழந்தைகளைப் படுத்தக்கூடாது என்பதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். அவர் பேசிக்கொண்டிருந்தபோது மேடைக்குப் பின்னால் ஒரு வகுப்பறையில் காந்தி தூங்கிவிட்டிருந்தார். கட்டபொம்மன் அம்மாவிடம் போக வேண்டும் என்று வாளைத் தரையில் தட்டி அழுதுகொண்டிருந்தார். பாரதியார் கால்களைப் பின்னிக்கொண்டு மூலையில் நின்றார். அவரைச் சமாதானப்படுத்தத்தான் மிஸ் என்னைக் கூப்பிட்டிருந்தார்.

நான் குனிந்ததும் காதருகே வந்தாள். "அப்பா, மீசையோட இருந்தா பாய்ஸ் பாத்ரூமா, கேர்ள்ஸ் பாத்ரூமா?"

இதுதான் விஷயம். கூட்டமும் இல்லை, கூச்சமும் இல்லை. டைரியில் எழுதிவந்த நாளிலிருந்து பிள்ளை இதைத்தான் சுமந்திருக்கிறாள். ஓமத் தண்ணீர், முட்டைக்கோஸ், தமிழ் நாடக வரலாறு ஆகிய எதிலும் இதற்குப் பதில் இல்லை. நியாயமான சந்தேகம் என்றே இப்போதும் எனக்குத் தோன்றுகிறது. சுந்தராம்பாள் படப்பிடிப்பில் என்ன செய்தார் என்று யாராவது எழுதி வைத்திருக்கலாம்.

"வழக்கமா போறதுக்கே போம்மா."

"மிஸ் திட்டமாட்டாங்களா?"

மிஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு தானே கைப்பிடித்து அழைத்துப் போனார். திரும்பி வந்த பாரதியார் வேறு ஆள். தலைப்பாகையைத் தானே சரிசெய்துகொண்டார். மேடையேறி நான்கு வரியையும் முழங்கிய முழக்கத்தில் மைக் கீச்சிட்டது. நான் பார்த்தது தலைப்பாகையின் நுனியை மட்டும்தான். முன்வரிசைப் பெற்றோர் எல்லாரும் செல்போனைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார்கள்.

பள்ளி நிர்வாகங்களுக்கு ஒரு விண்ணப்பம். சின்னப் பிள்ளைகளை முதலில் மேடையேற்றி, இறக்கி, வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். ஆண்டறிக்கை ஒரு மணி நேரம் காத்திருக்கும்; யு.கே.ஜி. பாரதியாரால் முடியாது.