மேட் வாங்கித் தந்த மாமா

கார் வாங்குவதென்று வீட்டில் முடிவாகிவிட்டால், எந்த வண்டி என்ற பேச்சுக்கு முன்பே ஷோரூமுக்கு யாரைக் கூட்டிக்கொண்டு போவது என்ற பேச்சு வந்துவிடும். "மாமாவைக் கூப்பிடுங்க. அவர் வாயைத் திறந்தா பத்தாயிரமாவது குறைச்சுட்டுத்தான் மூடுவார்" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டுவார்கள். இந்த மாமா எல்லாக் குடும்பத்திலும் உண்டு. கல்யாண மண்டபத்துக்கு வாடகை பேசியவர், வீடு கட்டும்போது செங்கல் லோடுக்கு விலை பேசியவர், முகூர்த்தப் புடவை எடுத்த கடையில் ஒரு பட்டு வேட்டியைச் சும்மா வாங்கிக்கொண்டு வந்தவர். அந்தப் புகழோடு ஷோரூமுக்குள் நுழைகிறவர், இரண்டு மணி நேரம் கழித்து ஒரு செட் ஃப்ளோர் மேட், நான்கு மட் ஃப்ளாப், டேஷ்போர்டில் ஒட்ட ஒரு பிள்ளையார் சகிதம் வெற்றிவீரராக வெளியே வருகிறார். அவருக்குப் பேரம் பேசத் தெரியாது என்று சொல்லமாட்டேன். நன்றாகவே தெரியும். ஆனால் அவர் ஜெயிக்கும் இடங்களெல்லாம், அவர் ஜெயிப்பதற்கென்றே ஷோரூம்காரர்கள் ஒதுக்கிவைத்த இடங்கள் என்பது என் கட்சி.

செங்கல்லுக்கு ஒரே விலை. அதைக் குறைத்தால் குறைந்தது, இல்லாவிட்டால் இல்லை. காருக்கு அப்படி இல்லை. கொட்டேஷன் தாளில் எக்ஸ்-ஷோரூம் விலை ஒரு வரி. அதன் கீழே ஆயுள் வரி, பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ், ஃபாஸ்டேக், எக்ஸ்டெண்டட் வாரண்டி, ஆக்சஸரீஸ் பேக் என்று வரிசை இறங்கும். சில இடங்களில் எந்த அரசாங்கக் கட்டணப் பட்டியலிலும் இல்லாத 'ஹேண்ட்லிங் சார்ஜ்' ஒன்றும் நடுவில் உட்கார்ந்திருக்கும். எல்லாம் சேர்ந்ததுதான் ஆன்-ரோடு விலை. மாமாவின் கண் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறது. "இதுல எவ்வளவு தம்பி குறைப்பீங்க?" என்கிறார். "அது கம்பெனி போட்ட விலை சார், நாங்க கை வைக்க முடியாது" என்கிறார் எதிரே இருக்கும் சேல்ஸ் எக்ஸிகியூட்டிவ். இதில் பாதி உண்மை. புது வண்டி விற்பதில் டீலருக்கு நிற்கும் பங்கு ஒற்றை இலக்கச் சதவீதம்தான். இன்சூரன்ஸ், கடன், ஆக்சஸரீஸ், பிற்பாடு சர்வீஸ் என்று வரும் மற்ற வழிகளில்தான் கடை ஓடுகிறது. ஆகவே பேரம் பேச வேண்டிய வரிகள் கீழே இருக்கின்றன. அங்கே வந்து சேர்வதற்குள் மாமாவுக்குக் காப்பி வந்துவிடுகிறது.

காப்பிக்குப் பிறகு நடப்பதைக் கொஞ்சம் பக்கத்தில் நின்று பார்க்கலாம். மாமா நாற்காலியில் சாய்ந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைக்கிறார். "பத்து லட்ச ரூபாய் வண்டி எடுக்கிறோம். ஒரு மேட் கூடத் தரமாட்டீங்களா தம்பி?" தம்பி தவிக்கிறார். கால்குலேட்டரைத் தட்டுகிறார், உதட்டைப் பிதுக்குகிறார், "மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன் சார்" என்று கண்ணாடி அறைக்குள் போகிறார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பேர் தலையைத் தலையை ஆட்டுவது தெரியும். பேசுவது கிரிக்கெட்டா மேட்டா என்பது தெரியாது. திரும்பி வந்து, குரலைத் தாழ்த்தி, "சாருக்காகப் பண்ணித் தர்றோம். வெளியில யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்கிறார். மாமா அன்று இரவுக்குள் பதினெட்டுப் பேரிடம் சொல்லிவிடுகிறார். அந்த மேட்டின் மேல் ஒட்டியிருக்கும் விலை வேறு, டீலருக்கு அது அடங்கும் விலை வேறு என்பதை அந்தப் பதினெட்டுப் பேரில் ஒருவரும் கேட்பதில்லை.

மேட்டுக்காகப் போர் நடந்துகொண்டிருந்த அதே நேரத்தில், பக்கத்து மேசையில் மாப்பிள்ளை கடன் தாள்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். மாமாவின் பார்வை அந்தப் பக்கம் போவதில்லை. வட்டி என்றால் அது பேங்க் விஷயம், பேரத்துக்கு வராது என்பது அவர் எண்ணம். கணக்கைப் பாருங்கள். 8 லட்சம் கடன், ஐந்து வருஷம். குறையும் அசலுக்கு வட்டி 9 சதவீதம் என்றால் மாதத் தவணை சுமார் 16,600 ரூபாய். 10 சதவீதம் என்றால் சுமார் 17,000. அந்த ஒரு சதவீதம் அறுபது மாதத்தில் 23,000 ரூபாயைத் தாண்டுகிறது. 'ஃப்ளாட் ரேட் 6 சதவீதம்தான் சார்' என்று யாராவது இனிக்க இனிக்கச் சொன்னால், குறையும் அசல் கணக்கில் அது கிட்டத்தட்ட 11 சதவீதம். இப்படிப் போகிற பணத்தில் வீடெல்லாம் விரிக்கிற அளவுக்கு மேட் வாங்கலாம். இன்சூரன்ஸும் அப்படித்தான். எந்தக் கம்பெனியில் எடுப்பது என்பது வண்டி வாங்குகிறவரின் உரிமை. வெளியில் இரண்டு இடத்தில் விசாரித்த தாளைக் காட்டினாலே ஷோரூமில் சொன்ன தொகை இறங்குவதைப் பார்க்கலாம். இதைவிடப் பெரிய பணம் மாடலைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்ந்த ஆயுள் வரிப்படி 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையுள்ள காருக்கு 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18. கோட்டுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் நிற்கும் வேரியண்டுக்கும் கொஞ்சம் அந்தப் பக்கம் நிற்பதற்கும் வரியில் மட்டும் ஏறத்தாழ 50,000 ரூபாய் வித்தியாசம். சன் ரூஃப் வேண்டும் என்று பிள்ளைகள் சொன்ன ஒரு வார்த்தையில் அது போய்விட்டது. மாமா அப்போது பெர்ஃபியூம் பாட்டில் கேட்டுக்கொண்டிருந்தார்.

பேரத்தில் வாங்குகிறவனுக்கு உள்ள ஒரே ஆயுதம் எழுந்து போவது. மாமாவுக்கு இது தெரியும். செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரை போவதில் அவர் கைதேர்ந்தவர். ஆனால் அவர் எழுந்திருக்கும்போது பேரன் டிஸ்ப்ளே வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு 'டுர்ர்' என்று ஓட்டிக்கொண்டிருக்கிறான். அத்தை வெள்ளையா சிவப்பா என்ற விவாதத்தை முடித்து, சிவப்பு என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். போதாததற்கு மாமாவே வந்து உட்கார்ந்ததும் சொன்ன முதல் வாக்கியம், "ஆயுத பூஜைக்கு வண்டி வீட்டுக்கு வந்துடணும் தம்பி." இதற்குப் பிறகு அவர் வாசல் வரை போனால் என்ன, வண்டலூர் வரை போனால் என்ன? தள்ளுபடி தாராளமாகக் கிடைப்பது ஆடியில், யாரும் வாங்காத மாதத்தில். அல்லது டிசம்பரில், வருஷம் திரும்பினால் ஸ்டாக் பழைய வருஷத்து வண்டியாகிவிடும் என்று கடைக்காரருக்குப் பயம் வரும்போது. அப்படி வாங்கினாலும் சேஸிஸ் எண்ணோடு உற்பத்தி மாதத்தையும் வருஷத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நாளைக்கு விற்கப் போகும்போது எதிராளி அந்த வருஷத்தைத்தான் முதலில் கேட்பான்.

மாமாவுக்காக வாதாடுகிறவர்கள் உண்டு. அவராவது கேட்டார், கேட்காதவன் நிலைமை என்ன என்பார்கள். நியாயம்தான். தாளில் இருந்ததை அப்படியே ஒப்புக்கொண்டு, ஹேண்ட்லிங் சார்ஜையும் கட்டி, நன்றியும் சொல்லிவிட்டு வருகிற பரமசாதுவைவிட மாமா பலபடி மேல். இன்னொரு வாதம், மாமா நிஜமாகவே ஐம்பதாயிரம் குறைத்த வீடுகள் உண்டு என்பது. 2025 செப்டம்பர் 22-இல் சிறிய கார்களின் ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 சதவீதமானது, அதன் மேலிருந்த செஸ்ஸும் போயிற்று. 6 லட்ச ரூபாய் பெட்ரோல் வண்டியில் அதன் பலன் முழுதாக வந்தாலே சுமார் 51,000 ரூபாய். அந்த வாரம் ஷோரூமுக்குப் போன மாமாக்கள் எல்லோருமே பெரும் சாமர்த்தியசாலிகளாகத்தான் இருந்திருப்பார்கள். இவ்வளவு பேச்சு வேண்டாம், ஊரிலுள்ள அதே கம்பெனியின் மூன்று டீலர்களிடம் 'எல்லாம் சேர்த்து ஆன்-ரோடு எவ்வளவு, வரிவரியாக எழுதிக் கொடுங்கள்' என்று கேட்டு, குறைந்ததை மற்ற இருவரிடம் காட்டினால் போதாதா என்பது மூன்றாவது கட்சி. போதும். பணத்தைப் பொறுத்தவரை அதுதான் சரியான வழி. ஆனால் அதில் மாமாவுக்கு வேலையே இல்லை, ஒரு குடும்பத்தில் மாமாவுக்கு வேலை இல்லாமல் செய்வது கார் வாங்குவதைவிடச் செலவான காரியம்.

ஆகவே மாமாவை விலக்கவேண்டியதில்லை. அவரைக் கடன் மேசைக்கு முன்னால் உட்காரவைத்து, வேறு பேங்கின் வட்டி எழுதிய தாளைக் கையில் கொடுத்து, "இதுக்குக் கீழ வந்தாத்தான் மாமா கையெழுத்து" என்று சொல்லிவிட்டால் போதும். மேட்டுக்குக் காட்டிய வீரத்தில் பாதியைக் காட்டினால்கூட அரை சதவீதம் இறங்கும். பூஜை தேதியைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று வீட்டிலேயே சத்தியம் வாங்கிக்கொள்ளலாம். பேரனைப் பாட்டி வீட்டில் விட்டுவிடலாம். அத்தையையும் விட்டுவிட்டுப் போவதுதான் நல்லது, ஆனால் அதை அத்தையிடம் யார் பேசி முடிப்பது? அதற்கு மாமா லாயக்கில்லை.