ககர மொழியும் காணாமற்போன கனகமும்: ஓர் ஆய்வு

பிறர் அறியாமற் பேசும்பொருட்டுச் சொல்லைக் குலைக்கும் முறை மூவகைப்படும்: திருப்பல், ஒட்டல், செருகல்.

திருப்பல்: பிரெஞ்சு இளைஞரின் 'வெர்லான்'. 'மாய்ஸ்ட்ரோ'வைப் புரட்டி 'ஸ்ட்ரோமாய்' என்று பெயர் சூடிக்கொண்ட பெல்ஜியப் பாடகர் சான்று. அவ்வளவே.

ஒட்டல்: ஆங்கிலச் சிறுவர் சொல்லின் முதல் மெய்யைப் பிடுங்கிக் கடைசியில் 'ஏ'யோடு ஒட்டும் 'பிக் லத்தீன்'. இதில் பன்றியும் இல்லை, லத்தீனும் இல்லை.

செருகல்: நம் க-பாஷை. இனி இதுவே பொருள்.

நன்னூலார் பவணந்தி 267ஆம் நூற்பாவில் குழூஉக்குறியைத் தகுதி வழக்கின்பாற் படுத்தார். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது அதற்கு உரையாசிரியர்கள் காட்டும் உதாரணம். க-பாஷைக்கு நூற்பா இல்லை. பவணந்தியார்க்கு மொட்டைமாடி வாய்த்திலது போலும் (காண்க: எங்கள் மொட்டைமாடி).

இதன் இலக்கணமாவது: உயிரும் உயிர்மெய்யும் முன்னே ஒரு ககரம் பெறும், புள்ளியெழுத்து முன்னெழுத்தோடு ஒண்டிக்கொள்ளும். 'நாளைக்கு லீவு' என்பது 'கநா களைக் ககு, கலீ கவு' என வரும். ககரந்தோறும் ஒரு மாத்திரை கூடும். 'அம்மா' 3½ மாத்திரை, 'கஅம்கமா' 5½. கூடிய இரண்டு கண்ணிமைப்பொழுதுக்குள் அம்மாவே வந்துவிடுவதுண்டு (காண்க: மேற்படி மொட்டைமாடி, தண்ணீர்த்தொட்டிக்கு மேல்புறம், வடகத்துக்குக் காவலிருந்தோர் வாய்மொழி, வடகம் இன்று கிடைத்திலது).

இனி 'கனகம்' என்னும் சொல். இது க-பாஷையில் 'கககனககம்' ஆகும். ககரம் 5, அவற்றுள் 2 மூலம், 3 இடைச்செருகல். எவை எவை?

முன்னிரண்டும் மூலம் என்பார் ஒருசாரார். பின்னிரண்டே மூலம் என்பார் மற்றொருசாரார்; இவ்விரு சாராரும் ஒரே கருத்தரங்கில் ஒரே பந்தியில் உண்பதில்லை. மூன்றாமவர் பதிப்பாசிரியர். ஐயத்துக்கு இடமானது எதையும் விட்டுவைக்காத அவர் ஐந்தையும் நீக்கினார். எஞ்சியது 'னம்'. னகரம் மொழிக்கு முதலாகாது என்பது தொல்காப்பியம். ஆகவே 'னம்' தமிழன்று, தமிழன்றாகலின் பிற்காலத்தது, பிற்காலத்ததாகலின் அஃது இடம்பெற்ற நூல் முழுதும் போலி. பொன் போயிற்று, முனைவர் பட்டம் வந்தது. பொன்னைப் 'பறி' என்ற கொல்லர் தீர்க்கதரிசிகளே.

இச்சிக்கலை மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் முன் வைத்தோம். "ஒண்ணு விட்டு ஒண்ணு தூக்கிடுங்க மாமா, கனகம்னு வரும்" என்றாள், வாயில் மிட்டாயை அதக்கியபடியே (காண்க: அம்மொட்டைமாடி, மூன்றாம் படி, இடக்கன்னம்). அவளைப் பதிப்புக் குழுவில் சேர்க்குமாறு பரிந்துரைத்தோம். அடிக்குறிப்பு ஒன்றும் இல்லாமல் விடை சொன்னாள் என்னும் குற்றத்துக்காகக் குழு மறுத்துவிட்டது. 'னம்' இரண்டாம் பதிப்பு அச்சில் உள்ளது.