ஓடர் மாமா

டிசம்பர் முதல் ஞாயிறு பூசை முடிந்து கோயில் முற்றத்தில் நிற்கும்போதே அறிவித்துவிடுவார்: "இந்த வருசம் நத்தாருக்கு வீட்டுல அடுப்பே பத்த வைக்கிறதில்ல. எல்லாம் ஓடர். அத்தை பாவம், கொஞ்சம் இருக்கட்டும்." பக்கத்தில் நிற்கும் அத்தை முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு வேறெங்கோ பார்ப்பார்.

மாத்தளையில் தெருவுக்கு ஓர் ஓடர் மாமா இருக்கிறார். எங்கள் தெருக்காரருக்கு இந்தப் பழக்கம் 2021 நத்தாரில் தொற்றியது. நாடெங்கும் காஸ் அடுப்பும் சிலிண்டரும் வெடித்த செய்தி வந்துகொண்டிருந்த மார்கழி அது. சிலிண்டரை மாமரத்தடிக்குக் கொண்டுபோய்ச் சாக்கைப் போட்டு மூடிவிட்டு, சாப்பாட்டைக் கடையில் எடுத்தார். பிறகு சிலிண்டர் உள்ளே வந்துவிட்டது. மாமா கடைப்பக்கமே நின்றுவிட்டார்.

அவருக்கு முட்டை அவிக்கத் தெரியாது. ஆனால் முட்டை ரோல்ஸைக் கையில் தூக்கிப் பார்த்தே உள்ளே இருப்பது கால் முட்டையா, அரை முட்டையா என்று சொல்லுவார். "லம்ப்ரைஸ் வாங்கினா முதல்ல இலையப் பாரு. பச்சையா இருந்தா அது வெறும் சோத்துப் பார்சல். இலை கருகி, சுட்ட வாசம் வரணும். அவன்ல வச்சவன் அவன்தான்." இப்படித் தெருவிலே போகிறவனுக்கும் இலவசமாகப் பாடம் நடக்கும். பொரித்த கோழியின் தோல் மினுங்கினால் சந்தேகம். மினுங்காவிட்டால் அது நேற்றுப் பொரித்தது. ஆகவே எந்தக் கோழியும் தேறாது. 'சாம்பிள்' பார்க்கிறேன் என்று மூன்று வாரம் கடை கடையாக ஏறி இறங்கித் தின்றதில் இரண்டு நத்தார் விருந்துக் காசு போயிருக்கும். அதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

கேக் கதைதான் எனக்குப் பிடித்தது. மாமா வீட்டுப் பின்பக்கம் ஒரு கராம்பு மரம், வேலியோரம் மிளகுக் கொடி, கிணற்றடியில் சாதிக்காய். மாத்தளையில் இது அதிசயமில்லை. கராம்பைக் காய வைத்து வியாபாரிக்கு விற்பார். அது கைமாறி எங்கோ போகும். பிறகு, ரவையும் கஜுவும் பூசணித் தோசியும் ஒரு கூடை மஞ்சட்கருவும் சேர்ந்து, செலோபேனில் சுற்றிய ரிச் கேக்கின் வயிற்றுக்குள் இருந்துகொண்டு கண்டியில் அவரையே பார்த்துச் சிரிக்கும். "மாத்தளைக் கேக்குல கராம்பு வாசம் பத்தாது" என்று அதை வாங்கத்தான் இருபத்தைந்து கிலோமீற்றர் போகிறார். ரயிலில் போகலாம், 1880இல் கண்டியிலிருந்து போட்ட பாதை, மாத்தளையோடு முடிந்துவிடும். மாமாவுக்குப் பொறுமை கிடையாது. பஸ்ஸில் ஏறி அக்குறணை நெரிசலில் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்திருப்பார்.

புரியாணிக்கு டவுன்.

"நானா, ஒரு சஹன் எத்தன பேருக்கு?"

"ஆறு பேருக்கு ஐயா."

"நாங்க ஒம்பது பேரு. ஒன்றரை சஹன் போடுவீங்களா?"

"தட்டை அரையா வெட்ட ஏலாது ஐயா. ரெண்டா எடுத்துக்கங்க. நத்தார்தானே!"

இருபத்தைந்தாம் தேதி இரவு விருந்து. மாலை நாலு மணிக்குள் புரியாணி, கோழி, கட்லட், அச்சாறு, வட்டிலப்பம், கேக் எல்லாம் நாலு கடையிலிருந்து வந்து மேசையில் குவிந்தன. அப்போதுதான் மாமாவின் உண்மையான வேலை ஆரம்பம். விருந்தாளி பெட்டியைப் பார்க்கக் கூடாது! புரியாணி மாமியாரின் பெரிய சட்டிக்குள் போனது. கோழி, கலியாணத்துக்கு வந்த பீங்கான் தட்டில் ஏறியது. அச்சாறுக்குக் கண்ணாடிக் கிண்ணம், கட்லட்டுக்கு மூடி வைத்த பாத்திரம். வட்டிலப்பத்தைத் தகரத் தட்டிலிருந்து கவிழ்க்கும்போது ஒரு மூலை உடைந்தது. மாமாவுக்கு அதில் பெரிய சந்தோசம். "வீட்டுல செஞ்சா இப்படித்தான் உடையும்." பெட்டிகளையெல்லாம் ஒரு உரப் பையில் அடைத்துக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் தள்ளினார். எல்லாம் ஆறிப்போயிருந்ததால் அத்தை அடுப்பின் இரண்டு வாயையும் பற்ற வைத்தார். மூன்றாவதற்கு விறகடுப்பு.

எட்டு மணிக்கு விருந்தாளிகள் உட்கார்ந்தார்கள். மாமாவின் தங்கை ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு, "அண்ணி, இது அந்த பஸ் ஸ்டாண்ட் கடைப் புரியாணிதானே? நாங்களும் நேத்து அங்கதான் எடுத்தோம்" என்றார். மாமா தேங்காய் துருவினவர் மாதிரி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து தண்ணீர் கொண்டுவரப் போனார்.

பத்தரை மணிக்கு நான் விடைபெறும்போது அத்தை குழாயடியில் இருந்தார். சுற்றிலும் பதினேழு பாத்திரம், எண்ணிப் பார்த்தேன்.

"அடுத்த வருசம் நானே சமைச்சிடுறேங்க" என்றார் திரும்பாமலே. "அஞ்சு பாத்திரத்தோட முடியும்."

மாமா விறாந்தையில் உட்கார்ந்து, ஓடர் எழுதும் கொப்பியில் புதுப் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். 'அடுத்த நத்தார்' என்று தலைப்பு. கீழே முதல் வரி: 'பாத்திரம் கழுவ ஒரு ஆள் – ஓடர்.'