கட்டிலில் கிடக்கும் டாக்டர்

உக்காரலாமா டாக்டரே? சீட்டு வாங்காம உள்ள வந்துட்டேன், கோவிச்சுக்கிடாத.

குடலிறக்கத்துக்கு ஆப்பரேசன் பண்ணி முழுசா மூணு நாள் ஆகல. அதுக்குள்ள நீயே வைத்தியம் பாக்க ஆரம்பிச்சுட்டேன்னு எந் தங்கச்சி மூக்கைச் சிந்துதா. ஆசுபத்திரியில, "வேற மாத்திரை எதும் சாப்பிடுறீங்களா"ன்னு கேட்டதுக்கு, "ஒண்ணுமில்ல சார்"னு கற்பூரம் அணைக்காத குறையாச் சொன்னியாமே மாப்ள! நாலு வருசமா ராத்திரி தவறாம முழுங்குதியே அல்பிரசோலம், அது என்ன, பெருமாள் கோயில் துளசியா?

இப்ப அவுக வலிக்குக் குடுத்துருக்கது டிரமடால். அபினுக்குப் பங்காளி. 2018-லயே சர்க்கார் அதப் போதை மருந்துச் சட்டத்துக்குள்ள கொண்டாந்துட்டு. அது மேல தூக்க மாத்திரையும் விழுந்தா ரெண்டும் நேரா மூளைக்குத்தான் போவும். அங்க, ‘மூச்சு விடு, மூச்சு விடு’ன்னு ஏவுறதுக்குன்னே ராப்பகலா ஒரு காவக்காரன் முழிச்சுருக்கான். அவனுக்கு ஒண்ணு விசிறி விடும், இன்னொண்ணு தாலாட்டும். அவன் அசந்துட்டான்னு வையி, வலி கட்டாயம் போயிரும் மாப்ள. ஒன்னையும் கையப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுத்தான் போவும்.

எம் பேத்தி நர்சுக்குப் படிக்காள்ல, அவ சொன்னது இது. இந்த ரெண்டு வகையையும் சேத்துத் திங்கிறது ஆபத்துன்னு 2016-ல அமெரிக்காவுல மருந்துக் குறிப்புலயே கட்டங்கட்டி எழுத வச்சுட்டாகளாம். வயசானவுகளுக்கும் குறட்டைக்காரனுக்கும் அது இன்னும் மோசமாம். ஒங் குறட்டைக்கு எங்க வீட்டு ஓடு ஆடுது. இதுல சாயங்காலம் ஒரு குவார்ட்டரும் சேந்துட்டா, பாடைக்கு மூங்கில் வெட்ட நாந்தான அலையணும்?

உடனே வீராப்பா, தூக்க மாத்திரைய இன்னைக்கே தூக்கி எறியுறேங்காத. பழகுன ஒடம்பு, திடுதிப்புன்னு நிறுத்துனா வலிப்பே வருமாம். எதக் குறைக்கணும், எத மாத்தணும்னு படிச்சவுக சொல்லட்டும்.

அடுத்த வீட்டுல 650 பாரசிட்டமால் வேற வாங்கி முழுங்கினியாமே. ஒன் டிரமடால் அட்டையிலேயே பாரசிட்டமால் 325 கலந்துருக்கத வாசிச்சியா? எல்லாஞ் சேத்து ஒரு நாளைக்கு நாலாயிரம் மில்லிகிராமத் தாண்டப்படாது, ஈரல் அவிஞ்சு போவும். குடிக்கிறவனுக்கு அதுவே சாஸ்தி.

குறட்டை கொளகொளன்னு மாறி, உலுக்கியும் எந்திரிக்காம, உதடு நீலம் பாஞ்சா மூஞ்சில தண்ணி தெளிச்சுக்கிட்டு நிக்காத, 108-க்கு அடின்னு ஒங்கம்மாகிட்டச் சொன்னேன். "அவன் எப்பவும் அப்படித்தானண்ணே தூங்குவான்"ங்கா. கேட்டுக்கிட்டியா?

ராத்திரி மாத்திரை வாயில விழுமுன்ன கெளம்பு. தலகாணிக்கு அடியில ஒளிச்சு வச்சதோட சேத்து அத்தனை அட்டையையும் மஞ்சப்பையில போடு. எஞ் சுருக்குப்பையிலயும் ரெண்டு வெள்ள மாத்திரை கெடக்கு, மூட்டுவலிக்கு பஸ் ஸ்டாண்டு கடையில வாங்குனது. அது என்ன எழவுன்னு நீயே டாக்டர்கிட்டக் கேளு, நான் வெளிய நிக்கேன். பேத்திகிட்ட மட்டும் மூச்சு விட்டுறாத.